திருப்பி மாட்டிய பிளக்

ஸ்பேனருடைய அக்கா வீட்டுக்காரரின் சலூனில் காத்திருக்கிறவர்களுக்கு ஐந்து நாற்காலிகள்தான் உண்டு. ஐந்திலும் ஆள் இருந்தால், ஆறாவதாக வருகிறவர் கதவைத் தள்ளி எட்டிப் பார்ப்பார், "அப்புறமா வரேன்" என்பார், போய்விடுவார். அப்படிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. ஒருநாள் தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"மாப்ள, நாங்க படிக்கற காலத்துல ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். நின்னுக்கிட்டே ஆடணும். எதிர்ல ராக்கெட்டா வரும், சுட்டுத் தள்ளணும். அந்த மாதிரி ஒண்ணு இந்த மூலையில நிறுத்தினா எப்படி இருக்கும்? வந்தவனுக்கு நாற்காலியும் வேணாம், நேரம் போறதும் தெரியாது."

மாப்ள என்று அவர் கூப்பிட்டது மனைவியின் தம்பியை. தெருவில் அவனுக்குப் பெயர் ஸ்பேனர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தான், கீழே வந்து அக்கா கையால் சாப்பிட்டான். எந்த மெஷினைப் பார்த்தாலும் பின்பக்கம் போய் எட்டிப் பார்க்கிற ஜாதி. மாமா வாயிலிருந்து பெட்டி என்ற வார்த்தை வந்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வாங்க வேணாம் மாமா. நாமே செஞ்சிடலாம்" என்றான்.

"உனக்கு வருமாடா?"

"ஆறு பேரை ஏத்திக்கிட்டுப் பன்னெண்டு மாடி ஏறி இறங்கற பெட்டியையே நான்தான் பாத்துக்கறேன். இது நகராத பெட்டி. இது வராதா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் கடையின் வார விடுமுறை எல்லாம் அந்தப் பெட்டிக்கே போனது. "கட்டின பொண்டாட்டி கூட வெளிய போக நாள் கிடைக்கல, பொம்மை பாக்கறதுக்குக் கிடைக்குது" என்று அக்கா முணுமுணுத்தாள். ஆனாலும் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

முதலில் பெட்டிக்கு மூளை. வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. அதைப் போட்டுவிடலாம் என்றார் மாமா. அதன் ஃபேன் போடும் சத்தத்துக்கு சலூன் மாவு மில்லாகிவிடும் என்று ஸ்பேனர் மறுத்து, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கினான். பழைய ஆட்டங்களுக்கு அது தாராளம்.

கைப்பிடியையும் பட்டன்களையும் தேர்ந்தெடுத்தது மாமாதான். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் பார்ட்ஸ் கடையில் கண்ணாடித் தட்டு நிறையப் பட்டன்களைக் கொட்டி வைத்திருந்தாள் கடைக்காரம்மா. மாமா கத்தரி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது வேணாம்மா, சத்தம் ஜாஸ்தி. பக்கத்துல ஒருத்தர் தொண்டையில நான் கத்தி வெச்சிருப்பேன். இங்க ஒருத்தன் டக்கு டக்குன்னு தட்டினா என்ன ஆகறது?"

"அப்ப இதை அமுக்கிப் பாருங்க. பஞ்சு மாதிரி போகும்."

"இது ரொம்பப் பஞ்சு. அமுக்கினோமான்னு விரலுக்கே சந்தேகம் வருது."

முக்கால் மணி நேரம் கழித்து நடுத்தரமான பட்டன் ஆறும், எட்டுத் திசைக்கும் அசையும் கைப்பிடி ஒன்றும் எடுத்தார். அவர் விரல் சொன்னதை ஸ்பேனர் மறுக்கவில்லை. அந்த விரல் முடியின் தடிமனைத் தொட்டே சொல்லிவிடும்.

திரை விஷயத்தில்தான் சண்டை வந்தது. தட்டைத் திரை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதுவே போதும் என்பது மாமாவின் கட்சி. ஸ்பேனர் ஒற்றைக்காலில் நின்றான்.

"டியூப் டிவி வெச்சாத்தான் மாமா அந்தப் படம் வரும். புள்ளி புள்ளியா, லேசா மங்கி, ஓரத்துல வளைஞ்சு. தட்டைத் திரை போட்டா அது கேம் பெட்டி இல்ல, அலமாரி."

"ஆடறவன் அதையெல்லாம் பாப்பானாடா? ராக்கெட் செத்துச்சா இல்லையான்னு பாப்பான்."

"நான் பாப்பேன்ல."

"சரி, உன் இஷ்டம். கரண்ட் விஷயம் உனக்குத்தான் தெரியும்."

பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து ஒரு டியூப் டிவி கொண்டுவந்தார்கள். அந்தப் பழைய டிவிகளில் ஒரு சங்கடம் உண்டு. கரண்டின் இரண்டு கம்பிகளில் ஒன்று நேராக உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கிறவரை பயமில்லை. கூட்டைக் கழற்றி வேறு சாமான்களோடு ஒயர் இழுத்து இணைத்தால், ஒயர் போகிற இடத்துக்கெல்லாம் கரண்டும் போகும். அப்படிப் போகாமல் இருக்க நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். ஸ்பேனர் ஒயர் வாங்கப் போனபோது, டியூப் டிவி என்றதும் பார்ட்ஸ் கடைக்காரம்மா அவன் கேட்காமலேயே அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். செங்கல் அளவு, இரண்டு செங்கல் கனம். ஸ்பேனர் தூக்கிப் பார்த்தான். பெட்டியின் அடிப்பலகையை ஏற்கெனவே மெல்லிசாக அறுத்தாகிவிட்டது. இதை வைப்பதென்றால் பிரித்துத் திரும்பப் பூட்ட வேண்டும்.

"அடுத்த வாரம் எடுத்துக்கறேம்மா" என்றான்.

"அது வரைக்கும் கரண்ட் குடுத்துடாதீங்க தம்பி."

"நான் லிஃப்ட் பாக்கறவன்மா. எனக்குத் தெரியாததா?"

அன்றைக்கு மாமா உடன் வரவில்லை.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. லிஃப்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் 'வேலை நடக்கிறது, சுவிட்சைப் போடாதீர்' என்ற அட்டையைத் தொங்கவிடாமல் அவன் கை வைத்ததில்லை. ஆனால் படம் எப்படி வருகிறதென்று பார்க்கிற ஆசை யாரை விட்டது? கைப்பிடியும் பட்டன்களும் பூட்டுகிற பலகைக்கு, அசையாமல் இருக்கட்டும் என்று இரும்புத் தகடு போட்டிருந்தான். ஒரு சாயங்காலம், மாமா கடையில் ஆள் கூட்டம் இருக்கும்போதே, மூலையில் உட்கார்ந்து டிவியை நேராகப் பிளக்கில் சொருகினான். டெஸ்டரால் தகட்டைத் தொட்டான். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. இரண்டு கால் பிளக்தானே, பிடுங்கி மறுபக்கமாகத் திருப்பிச் சொருகினான். டெஸ்டர் எரியவில்லை. இப்படி மாட்டினால் தகட்டில் கரண்ட் இல்லை, அப்படி மாட்டினால் உண்டு. சரியான பக்கம் தெரிவதற்குப் பிளக்கின் முதுகில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தான். டிரான்ஸ்ஃபார்மர் வருகிறவரை இது போதும் என்று நினைத்தான்.

திரையில் ராக்கெட்டுகள் வரிசை கட்டி இறங்கின. அவன் சொன்ன மாதிரியே மங்கலும் வளைவும். வாடிக்கையாளர் ஒருவர் பாதி ஷேவிங்கோடு எழுந்து வந்து பார்த்தார். மாமா கத்தியைக் கையில் பிடித்தபடி சின்னப் பிள்ளை மாதிரி நின்றார்.

"எல்லாம் சரியாடா மாப்ள?"

"சூப்பர் மாமா. படம் வந்துடுச்சு."

அவ்வளவுதான் சொன்னான். பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அந்த சந்தோஷத்தில் அவன் நினைவில் அது இல்லவே இல்லை.

மறுநாள் மதியம் அவன் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பக்கத்துக் கடைக்காரர். "உடனே ஆஸ்பத்திரிக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். தலை உலர்த்தும் மெஷினைச் சொருக இடமில்லாமல் மாமா கேம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். வேலை முடிந்ததும் திரும்ப மாட்டியிருக்கிறார். புள்ளி எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கு என்ன தெரியும்? கடையில் ஆள் இல்லை. ஒரு ஆட்டம் ஆடலாமென்று, கழுவிய ஈரக் கையைத் தகட்டில் ஊன்றியிருக்கிறார். முழங்கை பக்கத்திலிருந்த இரும்புக் குழாயில் பட்டிருக்கிறது. கரண்ட் பிடித்த கை விடவில்லை. சாப்பாடு கொண்டுவந்த அக்கா, மாமா பெட்டிமுன் விறைத்து நிற்பதையும் வாய் கோணுவதையும் பார்த்து, முதலில் விளையாடுகிறார் என்றே நினைத்திருக்கிறாள். பிறகு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள்.

உயிர் தப்பியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தப்பவில்லை. எலும்புவரை வெந்துவிட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமாவின் செருப்பு. அவன் வந்து நின்றதும் தலை தூக்கினாள்.

"அதுல கரண்ட் இருக்கும்னு அவர்கிட்ட நீ சொல்லலையாடா?"

அக்காவின் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

"சொன்னேன்கா. பிளக்கைக் கழட்டாதீங்கன்னு சொன்னேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சொன்னா எங்க கேக்கறாரு இந்த மனுஷன்" என்று அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். பிறகு சரி செய்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தான். மாமா பிழைத்து எழட்டும், நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மாமா கண் விழித்து இரண்டு நாள் கழித்து, கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி கேட்டார்.

"பிளக்கைக் கழட்டாதேன்னு சொன்னியாமே மாப்ள. எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்லடா."

அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"ஷாக் அடிச்சா அப்படித்தான் மாமா, முன்னாடி நடந்ததெல்லாம் மறந்துடும்" என்றான்.

மாமா அதையும் நம்பினார்.

அதற்கப்புறம் வந்த மாதங்களைப் பற்றி ஸ்பேனர் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா கெட்டவள் இல்லை. ஆனால் பயந்து போனவள். பயத்தையெல்லாம் அவள் புருஷன்மேல் கொட்டினாள். தட்டில் சோறு வைக்கும்போது சொல்லிக்காட்டினாள், சட்டைப் பட்டன் போட்டுவிடும்போது சொல்லிக்காட்டினாள். "அவன் தலப்பாடா அடிச்சுக்கிட்டான், கேட்டீங்களா? பொம்மை விளையாட்டு கேட்டுது இந்த வயசுல." மாமா இடது கையால் சோற்றைப் பிசைவார். எதிரில் அதே மேஜையில் தம்பி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பான்.

கடை மூடிக் கிடந்து, பிறகு திறந்தது. மாமா இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகினார். பழைய வாடிக்கையாளர்கள் பாவப்பட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்குக் காதோரம் கீறி ரத்தம் வந்தது. அவர் பெருந்தன்மையாக "பரவால்ல, பரவால்ல" என்று சொன்னார், அடுத்த மாதம் எதிரில் இருந்த வேறு சலூனிலிருந்து இறங்கினார். மாமா ஷேவிங்கை விட்டுவிட்டு மெஷின் கட்டிங் மட்டும் செய்தார். மற்றதற்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்தார்.

ஆறு மாதம் ஆன பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில் மாமாவே மாடிக்கு வந்தார்.

"அந்தப் பெட்டி பாதியில நிக்கறதைப் பாத்தா மனசு ஆறல. முடிச்சிடலாம் மாப்ள. இந்தத் தடவை தட்டைத் திரையே போட்டுடு. பட்டனும் வேற வேணும். இந்தக் கைக்கு லேசா அமுங்கற மாதிரி பாக்கலாம்."

வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மாமா விடவில்லை. அந்தப் பெட்டி ஓடினால்தான் தனக்குப் பயம் போகும் என்றார்.

அதே பார்ட்ஸ் கடை. அதே கண்ணாடித் தட்டு. மாமா இடது கையால் பட்டனைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் மிச்சமிருந்த மோதிர விரலால் அமுக்கிப் பார்த்தார். கடைக்காரம்மா பார்த்துவிட்டாள்.

"ஐயோ, கையில என்னங்க ஆச்சு?"

"என் அவசரம்தாம்மா. எங்க கேம் பெட்டியில டியூப் டிவி வெச்சிருந்தோம்ல. பிளக்கைக் கழட்டாதேன்னு இவன் படிச்சுப் படிச்சு சொன்னான். நான் கழட்டித் திருப்பி மாட்டிட்டேன். புடிச்சிடுச்சு."

"பிளக்கை எப்படி மாட்டினா என்னங்க? டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்தா அப்படி ஆகாதே." அவள் ஸ்பேனர் பக்கம் திரும்பினாள். "போடலையா தம்பி? எடுத்து மேஜைமேலயே வெச்சேனே. அடுத்த வாரம்னு வெச்சிட்டுப் போனீங்க. அது வரைக்கும் கரண்ட் குடுக்காதீங்கன்னு கூட சொன்னேன்."

"என்ன சொல்றாங்க மாப்ள?"

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. அது வேற டிவிக்கு, இந்த அம்மா மாத்திச் சொல்றாங்க என்று சொல்லியிருக்கலாம். மாமா அதையும் நம்பியிருப்பார். அவர் முகத்தில் அந்த நம்பிக்கை தயாராக நின்றது. அதைப் பார்த்ததும் ஸ்பேனருக்கு இதற்குமேல் முடியாது என்று தோன்றிவிட்டது.

"அவங்க சொல்றது நிஜம்தான் மாமா. அது மட்டும் இல்ல. பிளக்கைக் கழட்டாதீங்கன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. ஆஸ்பத்திரியில அக்கா கேட்டப்ப பயந்து போய் அப்படிச் சொல்லிட்டேன்."

கடைக்காரம்மா எதையோ எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். மாமா இடது உள்ளங்கையில் இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்ப வைத்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஆறு மாசமா யோசிக்கறேன்டா" என்றார். குரல் உயரவில்லை. "நீ எப்ப சொன்ன, நான் எங்க நின்னேன், அப்ப யாருக்கு முடி வெட்டிக்கிட்டிருந்தேன்னு. ஒண்ணுமே வரல. என் மூளையில ஏதோ கழண்டுடுச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். உங்கக்காவுக்குத் தெரியாம டாக்டரைப் போய்ப் பாத்தேன். தலையை ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னார். அதையும் நான் நம்பல. டாக்டருக்கு என்ன தெரியும், என் மச்சான் பொய் சொல்லுவானான்னு நினைச்சேன்."

"மாமா..."

"விரல் போனது போகட்டும். அது உன் கவனக்குறைவு. நானும் கவனக்குறைவுல எத்தனை பேர் காதைக் கீறியிருக்கேன்." அவர் வெளியே நடந்தார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார். "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லணும்."

அவன் அன்றைக்கே சொன்னான். அக்கா சலூன் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாதி கேட்டதும் கை நின்றது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"நான் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசறப்பெல்லாம் நீ எதிர்லதானேடா உக்காந்திருந்த? குழம்பு ஊத்துக்கான்னு கேட்டியேடா."

அவள் எழுந்து உள்ளே போனாள். மாமா படுத்திருந்த அறையின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் அழுகிற சத்தம். அவள் மன்னிப்புக் கேட்டது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. மாமா "விடு, விடு" என்று சொன்னதும் கேட்டது. அந்த "விடு" தனக்கில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

அன்று மாடிக்குச் சாப்பாடு வரவில்லை. கீழே வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. மூன்று நாள் வெளியில் சாப்பிட்டான். நாலாம் நாள் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனான். சாவியை வாங்கிக்கொள்ளும்போது அக்கா, "ஃபேன் ஆஃப் பண்ணிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. வேலையில் அவன் முன்னைவிட மெதுவாகிவிட்டான். மாட்டிய 'சுவிட்சைப் போடாதீர்' அட்டையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

ஐந்து மாதம் அவன் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. முடி காதை மூடிவிட்டது. வேறு கடையில் வெட்டிக்கொள்ள மனசு வரவில்லை. சின்ன வயதில் அப்பாதான் வெட்டிவிடுவார், அவருக்குப் பிறகு மாமா; வேறு யாரும் அவன் தலையில் கை வைத்ததில்லை. கடைசியில் ஒரு காலையில் துணிந்து போனான்.

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மாமா கல்லா மேஜைக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது கை பேப்பருக்கு அடியில் இருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பான்.

"உக்காருங்க" என்றார்.

அவன் உட்கார்ந்தான். அவன் முறை வந்தது. எழுந்து நின்று, மாமா வருவாரா என்று பார்த்தான். மெஷின் கட்டிங் அவர்தானே செய்கிறார். மாமா பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சம்பள ஆளிடம் சொன்னார்:

"இவருக்கு நீயே வெட்டிடுப்பா."

சம்பள ஆள் துண்டை உதறி அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

"எப்படி சார் வெட்டணும்?"

"எப்பவும் போல" என்று சொல்ல வந்தவன், அந்த ஆளுக்கு அது தெரியாது என்பது உறைத்து, "சின்னதா" என்றான்.